டெனர் பத்தாது

எங்கள் பாடகர் குழுவில் டெனர் எப்போதுமே பத்தாது. குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த எங்கள் தமிழ்ச் சபையில் பதினைந்து வருஷத்துக்கு மேல் கிறிஸ்துமஸ் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அத்தனை வருஷமும் உச்சக் குரலான சோப்ரானோ வரிசையில் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்குக் கீழ்க்குரலான ஆல்டோவில் ஐந்தாறு பேர் இருப்பார்கள், அதில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இருக்காது. ஆண்களின் அடிக்குரலான பேஸில் என்னையும் சேர்த்து நான்கு பேர். நாங்கள் சுரம் தவறினாலும் யாருக்கும் தெரியாது, வெளியே ஏதோ லோரி போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். டெனர்தான் வராது. ஆண்களில் மேலே ஏறிப் பாடத் தெரிந்தவர்கள் எல்லாம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார்கள், இல்லையென்றால் கல்யாணம் ஆகி ஷா ஆலம் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். மிச்சம் இருப்பவருக்கு அன்றைக்கென்று தொண்டை கட்டியிருக்கும்.

அதனால் "டெனர் பத்தாது" என்பது என் வாயில் எப்போதும் தயாராக இருந்த பதில். பாதிரியாரின் மனைவி தன் ஊர்ப் பாட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்; டெனர் பத்தாது. வாலிபர் சங்கத்தில் யாராவது ரேடியோவில் கேட்ட ஆங்கிலப் பாட்டைப் பாடலாம் என்பார்கள், டெனர் பத்தாது. அந்தப் பாட்டில் டெனருக்குப் பெரிதாக வேலையே இருக்காது, ஆனாலும் அதைத்தான் சொல்வேன். இந்த ஆளுக்குப் பாட்டு பிடிக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். ஒரு கல்யாணப் பந்தியில் மட்டன் தீர்ந்துவிட்டது என்று பரிமாறுகிறவர் வந்து சொன்னபோது, எங்கள் பேஸ்காரர் ஒருவர் எழுந்து நின்று டெனர் பத்தாது என்று அறிவித்தார். மேசையே சிரித்தது.

அந்தப் பகிடியை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என் மனைவி. அவள் எங்கள் முதல் சோப்ரானோ. இரண்டாவது தடவை தேத்தண்ணீர் கேட்டால் அடுப்படியிலிருந்தே "டெனர் பத்தாதுங்க" என்று பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய அம்மா வீட்டுக்குக் கிள்ளானுக்குப் போக எனக்குச் சோம்பலாக இருந்தால் நான் அதைச் சொல்வேன், அவள் என் சட்டையை எடுத்து என் மேலேயே போடுவாள். கல்யாணம் ஆன முதல் நான்கைந்து வருஷம் எங்கள் வீட்டில் இந்த இரண்டு வார்த்தைகளை வைத்தே பாதிச் சண்டையும் பாதிச் சமாதானமும் நடந்தன.

பாட்டுத் தேர்வு அறுப்பின் பண்டிகை முடிந்த கையோடு தொடங்கும். அப்போது நான் ரயில்வேயில் கிளார்க். ரயில்வே குவாட்டர்ஸில் முன்னறைத் தரையில் பாயைப் போட்டு, பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து தாள்களைப் பரப்புவேன். எல்லாம் சோல்ஃபாவில் எழுதியவை. கோடு போட்ட நோட்டேஷன் எங்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், மற்றவர்களுக்கு டோ, ரே, மீதான். முதல் இரண்டு வாரம் சொல்லே கிடையாது, நான்கு குரலும் சுரத்தை மட்டும் பாட வேண்டும். சொல்லைக் கையில் கொடுத்தால் சுரத்தை விட்டுவிடுவார்கள் என்பது என் கட்சி. ஆறாவது சுரமான லாவை மட்டும் நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், வா லா, போ லா என்று பேசுவதே லா போட்டுத்தானே என்று ஒவ்வொரு வருஷமும் ஒரே பகிடியைச் சொல்வேன். ஒவ்வொரு வருஷமும் என் மனைவி மட்டும் சிரிப்பாள், மற்றவர்கள் அவளுக்காகச் சிரிப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் அந்த டின்னில் ஒரு தாலாட்டு கிடைத்தது. கிள்ளானில் இருந்த ஒரு பழைய பாட்டு ஆசிரியர் நான்கு குரலுக்கு எழுதிவைத்தது, அவருடைய கையெழுத்துப் பிரதி. மாட்டுக் கொட்டிலில் பிள்ளையைத் தூங்க வைக்கிற பாட்டு. சோப்ரானோ தனியாக ஆரம்பிக்கும், பிறகு ஆல்டோ, பிறகு டெனர் வந்து இரண்டே சுரத்தில் மாறி மாறி நிற்கும். பேஸுக்குச் சொல்லே கிடையாது. வாயை மூடிக்கொண்டு கீழே ஒரே சுரத்தை முனகிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டு முடியும் இடத்தில் சோப்ரானோ லாவைப் பிடித்து, எட்டு எண்ணும் வரை விடாமல் நிற்கும். எனக்குப் பாட்டு பிடித்துவிட்டது, அதனால் டெனர் பத்தும் என்று முடிவு செய்தேன். தனிக்குரல் என் மனைவிக்கு.

அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து வந்த பிள்ளை. வாரத்துக்கு இரண்டு நாள் சாயங்காலம் கோயிலில் ஒத்திகை, வீட்டிலும் துணி மடிக்கும்போது, காய் நறுக்கும்போது அதையேதான் பாடிக்கொண்டிருப்பாள். டிசம்பரில் ஆறு மாதம். ஒரு ஒத்திகையில் அந்தக் கடைசி லாவை நான்கு எண்ணுவதற்குள் விட்டுவிட்டாள். நான் கையால் மேசையைத் தட்டி எல்லாரையும் நிறுத்தினேன். கோபம் வந்தால் எனக்கு மனைவி என்றும் தெரியாது, மாமியார் என்றும் தெரியாது.

"சாரி. உள்ள ஒரு ஆளு உதைக்கிறாரு. இந்த இடம் வந்தாலே உதைக்கிறாரு" என்றாள்.

பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆல்டோவில் பேசிக்கொள்ளாத இரண்டு பேரும்கூட ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து என் தாளில் அந்த இடத்தில் "மூச்சு" என்று குறித்துவைத்தேன், மூச்சுப் பிடிக்க அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று. நான் விளங்கிக்கொண்டது அவ்வளவுதான்.

ஜனவரிக் கடைசியில், ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டான். ஆண் பிள்ளை. ஒன்பது நாள் இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும், தொடக்கூடாது. அந்தக் காலத்தில் அப்படித்தான், நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பாள். பத்து நிமிஷத்தில் நர்ஸ் வந்து போதும் லா, போய்ப் படுங்க என்று அன்பாகத்தான் சொல்வார். பத்தாம் நாள் காலையில் நான் போனபோது பெட்டி காலியாக இருந்தது.

அவனுக்குப் பேர் வைக்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு முன்னால் பேரை வெளியே சொல்லக்கூடாது என்று அவள் மனதிலேயே வைத்திருந்தாள், எனக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரித் தாளில் ஆங்கிலத்தில் இன்னாரின் குழந்தை என்று என் பேரைத்தான் எழுதியிருந்தார்கள். கிள்ளானில் என் மனைவியின் குடும்பக் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். பாதிரியார், நான், என் மச்சான், பேஸ்காரர் ஒருவர் என்று நான்கு பேர். அவ்வளவு சின்னப் பிள்ளையின் அடக்கத்துக்குப் பெண்கள் வருகிற வழக்கம் எங்களில் இல்லை, பாட்டும் இல்லை. பாதிரியார் இரண்டு வசனம் வாசித்தார். வாழ்நாளெல்லாம் கோயிலில் பாடிய நான் என் மகனுக்கு ஒரு சரணம்கூடப் பாடாமல் மண்ணைப் போட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவனைப் பற்றி யாரும் பேசவில்லை. யாரோ உத்தரவு போட்டதுபோல் எல்லாரும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் தங்கள் கைக்குழந்தைகளை வேறு யாரிடமாவது விட்டுவிட்டு வந்தார்கள். மாமியார் தைத்துவைத்திருந்த சின்னச் சட்டைகளை அவள் தூங்கும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் பேசவில்லை. பேசினால் உடைந்துபோவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நான் உடைந்துபோவேன் என்று பயந்தேன்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை அவளாகவே ஒத்திகைக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை. முடியை இறுக்கிப் பின்னிக்கொண்டு, போன வருஷம் நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். இடித்துக்கொண்டு நிற்கிற சோப்ரானோக்கள் அன்றைக்கு அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு நின்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனதைத் தேற்றிக்கொண்டாள், பாட்டு அவளைத் தேற்றும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் டின்னைத் திறந்தேன். அந்தத் தாலாட்டுதான் மேலே இருந்தது. அதை எடுத்துக் கவிழ்த்து அடியில் வைத்துவிட்டு, பிள்ளை வராத பாட்டுகளாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

கிறிஸ்துமஸ் பாட்டில் பிள்ளை வராத பாட்டைத் தேடுவதுபோல் பைத்தியக்கார வேலை வேறு இல்லை. மேய்ப்பர்கள் பாட்டை எடுத்தால் மூன்றாவது சரணத்தில் மேய்ப்பர்கள் போய்ச் சேருகிற இடம் தொட்டில். ராஜாக்கள் ஒட்டகத்தில் ஊரூராக அலைவார்கள், கடைசியில் அவர்களும் முழங்கால் போடுகிற இடம் அதேதான். நட்சத்திரம் எங்கே வந்து நிற்கிறது? நான் பென்சிலை வைத்துக்கொண்டு சரணங்களை வெட்டினேன். இதில் முதல் இரண்டு மட்டும், அதில் இரண்டாவதை விட்டுவிட்டு ஒன்றும் நான்கும். மேய்ப்பர்களை வயலிலேயே நிறுத்தினேன், ராஜாக்களைப் பாதி வழியில் நிறுத்தினேன். அப்படியும் எட்டுப் பாட்டு தேறவில்லை. கடைசியில் பனி கொட்டுகிற ஊரில் மணி அடிக்கிறது என்று ஓர் ஆங்கிலப் பாட்டைச் சேர்த்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் புழுக்கத்தில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பனிப் பாட்டைத் தேர்ந்தெடுத்த என்னை எண்ணினால் இப்போது சிரிப்பு வருகிறது, அது நல்ல சிரிப்பு இல்லை.

அவள் மேசையில் பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நான் எழுதிய பட்டியல் பாயின் ஓரத்தில் கிடந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவள் நின்று அதைப் பார்த்தாள்.

"தாலாட்டு இல்லையா?"

"டெனர் பத்தாது" என்றேன்.

அந்தப் பாட்டில் டெனருக்கு இருப்பது இரண்டே சுரம். அதுவும் அந்த வருஷம், என் ஆயுளிலேயே முதல் தடவையாக, எங்களிடம் நான்கு டெனர்கள் இருந்தார்கள். இரண்டு பேர் பயிற்சிக்கு வந்திருந்த ஆசிரியர்கள், ஒருவர் பூச்சோங்கிலிருந்து பைக்கில் வருவார், கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வருகிற பழைய ஆள் ஒருவர். நான் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும். அது தெரியும் என்று எனக்கும் தெரியும். நான் ஏன் பொய் சொல்கிறேன் என்பதைப் புரிந்துகொண்டு உள்ளுக்குள் நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் பட்டியலை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு சரி என்று சொல்லிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

பாதிரியாரிடம் பட்டியலைக் காட்டினேன். மேலிருந்து கீழே வரை விரலை வைத்துக்கொண்டு வந்தார். பாலனைக் காணோமே என்று கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என் தோளைத் தட்டினார். அவருடைய மனைவி அடுத்த ஞாயிறு என் கையைப் பிடித்து, நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி என்றார். குழுவில் எல்லாருக்கும் விஷயம் புரிந்துபோனது, எல்லாருக்கும் நான் பெரிய மனிதனாகத் தெரிந்தேன். எனக்கே அப்படித்தான் தெரிந்தது, மறைக்கவில்லை.

ஸ்டென்சில் வெட்டுவது என் வேலை. சுரத்தை டைப்ரைட்டரில் அடித்து, தமிழ்ச் சொற்களை இரும்பு ஊசிப் பேனாவால் கீறி எழுத வேண்டும். அதைக் கோயில் சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டிப் புத்தகமாகத் தைத்துத் தருவது கோயிலைப் பார்த்துக்கொண்ட பெரியவர். காகிதத்தை வீணாக்கினால் அவருக்கு மனம் ஆறாது. நான் அத்தனை சரணங்களை வெட்டியிருந்ததால் புத்தகத்தின் கடைசிப் பக்கம் வெறுமையாக விழுந்தது. அவர் பார்த்தார். போன வருஷத்துத் தாலாட்டு ஸ்டென்சிலைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். எல்லாருக்கும் பிடித்த பாட்டாயிற்றே, வெறும் பக்கமாக ஏன் விட வேண்டும் என்று அதை அங்கே உருட்டிவிட்டார். எனக்கு உதவி செய்ததாகத்தான் அவருக்கு நினைப்பு.

புத்தகம் தைத்து வந்த அன்றைய ஒத்திகையில் அவை கைக்குக் கை போயின. நான் முதல் பாட்டுக்குச் சுரம் கொடுக்கப் போகிறேன், பக்கம் புரட்டுகிற சத்தம் ஒவ்வொருவராக நிற்கிறது. என் கையில் இருந்ததைப் புரட்டிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் அந்தத் தாலாட்டு, மை இன்னும் சரியாகக் காயாமல். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன். அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். உதடு லேசாக அசைந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜனவரிக்குப் பிறகு அவள் முகத்தில் வராத சிரிப்பு அது. அதைச் சிரிப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை அந்த முகத்தை மனதுக்குள் எடுத்துவைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் பதறிப்போய் எழுந்து, கடைசிப் பக்கம் தவறுதலாக வந்துவிட்டது, எல்லாரும் அதைக் கிழித்து என்னிடம் கொடுங்கள் என்றேன்.

இருபத்திரண்டு பேர். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நானே வரிசை வரிசையாகப் போய் வாங்கினேன். அவள் கடைசியாகக் கிழித்தாள். ஓரம் பிசிறாமல், தையலை ஒட்டி நிதானமாகக் கிழித்து, மடிக்காமல் இரண்டு கையாலும் கொடுத்தாள். நான் வாங்கி, மற்ற தாள்களோடு சேர்த்துக் கசக்கி, ஆபீஸ் அறைக் குப்பைக்கூடையில் போட்டேன். ஸ்டென்சிலையும் எறிந்துவிடச் சொன்னேன். கோயில் பெரியவர் என்னவோ தப்பு செய்துவிட்டதாக முகம் வாடி நின்றார்.

பிறகு பாடினோம். மேய்ப்பர்கள் வயலில், ராஜாக்கள் பாதி வழியில். அவள் தன் பாகத்தை ஒரு சுரம் தவறாமல் பாடினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கிள்ளானுக்கு, வீடு வீடாகக் கேரல் பாடப் போனோம். வேன் ஒன்று, கார் இரண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிடுவோம், இல்லையென்றால் எல்லா வீட்டையும் முடிக்க முடியாது. எங்கள் வழக்கம், ஒரு வீட்டில் இரண்டு பாட்டு எங்கள் இஷ்டம், மூன்றாவது அந்த வீட்டுக்காரர் கேட்கிற பாட்டு. நான்காவது வீட்டில் ஒரு ஆன்டி முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, போன வருஷம் ஒரு தாலாட்டுப் பாடினீர்களே, அதைப் பாடுங்கள் என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது, வேறு சபை. என் மனைவி மூச்சை இழுத்தாள். நான் அவளுக்குப் பின்னால்தான் நின்றேன், தோள் ஏறியதைப் பார்த்தேன். பாட ஆரம்பிக்கப் போகிறவள் இழுக்கிற மூச்சு அது, என்னைவிட அதை நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"டெனர் பத்தாது ஆன்டி" என்றேன் சத்தமாக.

நான்கு டெனர்களும் வரிசையாக என் பக்கத்தில் நிற்கிறார்கள். பழக்க தோஷத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், ஆன்டியும் சேர்ந்து சிரித்தார். என் மனைவி இழுத்த மூச்சை மெல்ல விட்டாள். அடுத்த பாட்டு பனிப் பாட்டு. அது முடிகிறபோது பார்த்தேன், அவள் வேனில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். தலைவலி என்றாள். மிச்ச வீடுகளுக்கு இறங்கவில்லை.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடினாள். மறுநாள் காலையில் பாடகர் குழு அங்கியைத் துவைத்து இஸ்திரி போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கியை என் மடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன். நீங்க பதில் ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள். "அவன நான் தூக்கவே இல்ல. பால் குடுக்கல. கண்ணாடிக்கு வெளிய நின்னு பேசினேன், அவனுக்குக் கேட்டிருக்காது. அவன் கேட்டதுன்னா அந்தப் பாட்டு ஒண்ணுதான். ரெண்டு மாசம் நம்ம எல்லாருமாச் சேந்து அவனுக்குப் பாடியிருக்கோம். நீங்களும்தான். அத இன்னொரு தடவ பாடலாம்னுதான் நான் குவாயருக்கு வந்தேன். வேற எதுக்கும் வரல."

அங்கியின் மடிப்பை ஒரு தடவை நீவிவிட்டாள். அழவில்லை.

"நீங்க கிழிச்சிட்டீங்க. அத என் கையாலயே கிழிக்க வச்சிட்டீங்க."

பதில் சொல்ல வேண்டாம் என்று அவள் சொன்னதால்தான் நான் சொல்லவில்லை என்று பல வருஷம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். எனக்கு அந்த நேரம் நினைவில் வந்ததெல்லாம் ஒரே ஒரு சுரம். வாயை மூடிக்கொண்டு கீழே நான் பிடித்துக்கொண்டிருந்த அந்த முனகல். ஒத்திகையில் சுரம் கொடுத்துவிட்டுப் பேஸ் வரிசையில் போய் நின்றபோதெல்லாம் அவளுக்குப் பின்னால், அவன் இருந்த இடத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்றுதான் அதைப் பாடியிருக்கிறேன். நான் என் மகனுக்கு ஒன்றுமே பாடவில்லை என்று கல்லறையிலிருந்து வந்த நாள் முதல் நொந்துகொண்டிருந்தேனே, பாடியிருக்கிறேன். அவன் உதைத்து உதைத்துச் சொன்னபோது பென்சிலை எடுத்து "மூச்சு" என்று எழுதிய மடையன் நான்.

அவள் அதற்குப் பிறகு குழுவுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவாள், கடைசிப் பெஞ்சுக்கு முந்தின பெஞ்சில் உட்காருவாள், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். வீட்டில் சண்டை இல்லை. எனக்குச் சோறு போட்டாள், காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தாள், என் சட்டைக்குப் பட்டன் தைத்தாள். துணி மடிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் பாடுவதுதான் நின்றுபோனது. அவ்வளவு சின்ன வீட்டில் அது எவ்வளவு பெரிய வெறுமை என்பது வெளியாளுக்குத் தெரியாது. எங்களுக்கு வேறு பிள்ளையும் பிறக்கவில்லை.

அடுத்த அக்டோபர் வந்தது. இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். தாலாட்டின் கையெழுத்துப் பிரதி டின்னின் அடியில் நான் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. அதிலிருந்து புது ஸ்டென்சில் வெட்டினேன். இரண்டு சாயங்காலம் எடுத்துக்கொண்டு, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் கீறினேன். அந்தக் கடைசி லாவுக்கு மேலே மூச்சுக் குறி போடவில்லை. டெனரையும் உறுதி செய்தேன். ஐந்து பேர். ஐந்தாவது ஆளுக்காக ஜெஞ்சாரோம் வரை போய்ப் பேசிவிட்டு வந்தேன். பட்டியலில் முதல் பாட்டாக அதை எழுதி, பக்கத்தில் தனிக்குரல் என்று போட்டு இடத்தை வெறுமையாக விட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவள் அடுப்படித் தரையில் பேப்பரை விரித்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் பிரதியை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். இந்த வருஷம் தாலாட்டுதான் முதலில் என்று சொன்னேன். பிள்ளை வருகிற பாட்டுகள்தான் எல்லாமே, ஒரு சரணத்தையும் வெட்டவில்லை என்று சொன்னேன். நான் அவனை நினைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறேன் என்று சொன்னேன், அவனைப் பற்றி நான் அவளிடம் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அது. தனிக்குரல் நீ பாடினால் பாடு, இல்லையென்றால் பின்னால் நில், அதுவும் இல்லையென்றால் வந்து கேட்டால் போதும் என்று கெஞ்சினேன்.

அவள் கிள்ளுவதை நிறுத்தினாள். தாளைப் பார்த்தாள், கையில் மீன் நாற்றம் என்பதால் தொடவில்லை. நெடுநேரம் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது. இந்தத் தடவை எனக்கு அந்த அசைவு என்ன என்று தெரிந்தது, முதல் வரியை உள்ளுக்குள் பாடிப் பார்க்கிறாள்.

"டெனர் பத்தாதுங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பழைய விளையாட்டாகவும் சொல்லவில்லை. என்னை நோகடிக்க வேண்டாம் என்று, என்னிடமிருந்தே எடுத்து, அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். பிறகு அடுத்த நெத்திலியை எடுத்தாள்.

நான் ஸ்டென்சிலைச் செய்தித்தாளில் சுற்றினேன், பிரதியை டின்னில் வைத்து மூடினேன். அந்த வருஷமும் அதற்குப் பிறகும் நாங்கள் அந்தத் தாலாட்டைப் பாடவில்லை. யாராவது கேட்டால் நான் காரணம் சொல்வதில்லை.